பெயர் மட்டும் மாற்றப்பட்டது

1

கார்க் நகரத்தில் செப்டம்பர் மாதம் பெய்வதை மழை என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. குடை பிடித்தால் உடன் நடப்பவர்கள் சிரிப்பார்கள். பிடிக்காவிட்டால் வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் தலை நனைந்துவிடும். போன வாரம் அப்படி நனைந்த தலையோடு புதிய மாணவர்களின் முன்னால் நின்றேன். நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் செவிலியர் படிப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வார்டில் பார்த்ததை வலைப்பதிவில் எழுதிப் பழகுவது எப்படி என்பது அன்றைய பாடம். பாதியில் திரையில் ஒரு பக்கம் வந்தது. "நோயாளியின் பெயரை மாற்றிவிட்டால் போதும், பயமில்லாமல் எழுதலாம்." போன வருடம் நானே எழுதிய பக்கம். எடுத்துவிட மறந்திருந்தேன்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "ஆர் யூ ஓகே?" என்றாள். "ஐ ஆம் கிராண்ட்" என்றேன். இந்த ஊரில் கிராண்ட் என்றால் பிரமாதம் என்று பொருள் இல்லை. பரவாயில்லை என்று பொருள். வந்த புதிதில், ஆபரேஷன் முடிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "கிராண்ட்" என்று சொன்னதை நம்பி, நோயாளி மிக உற்சாகமாக இருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். இப்போது நானும் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் சிலருக்கு இந்தக் கதையில் பாதி ஏற்கெனவே தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த பாதி அது. மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது.

2

யோசனை என்னுடையதுதான். இங்கே படிக்கும் பிள்ளைகளும் தூத்துக்குடியில் ஒரு நர்சிங் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் ஒரே வலைப்பதிவில் சேர்ந்து எழுதுவது. வாரம் ஒரு பதிவு. என்ன பார்த்தேன், மனதில் என்ன தோன்றியது, எதைக் கற்றுக்கொண்டேன். அங்கே எழுதியதை இங்கே இருப்பவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், இங்கே எழுதியதை அவர்கள். துறைக் கூட்டத்தில் நான் உலகளாவிய கற்றல் என்றெல்லாம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊரோடு எனக்கு ஒரு தொடர்பு வேண்டியிருந்தது என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியுமா?

முதல் தடங்கல் பெயரில் வந்தது. வலைப்பதிவைப் பூட்டி வைக்க வேண்டும், உள்ளே வர ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகக் கணக்கு வேண்டும் என்றார்கள். கணக்குத் திறக்கும் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நம் பிள்ளைகளிடம் இருந்தது ஓர் எழுத்து இனிஷியல். ஓர் எழுத்தைக் குடும்பப் பெயராக அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பா பெயரைப் போட்டார்கள். அது பாஸ்போர்ட்டில் உள்ளபடி இல்லை என்று திரும்பி வந்தது. பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. இசக்கியம்மாள் என்ற மாணவிக்கு, "அன்புள்ள திரு. சண்முகவேல், உங்கள் விண்ணப்பம் முழுமையற்றது" என்று மெயில் வந்தது. அவள் அதை எனக்கு அனுப்பி, "மேம், எங்க அப்பாவுக்கும் சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாள்.

வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. பொறுமை இழந்து பூட்டை எடுத்துவிட்டேன். இணைப்பு வைத்திருக்கும் யாரும் படிக்கலாம். யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இசக்கி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். மானாவாரி விவசாயக் குடும்பம். கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். அவளுடைய ஆங்கிலம் ஆஸ்பத்திரி ஆங்கிலம். ஒருமுறை, "பேஷண்ட் எக்ஸ்பயர்ட் இன் த மார்னிங்" என்று எழுதினாள். இங்கிருந்து எம்மா என்ற மாணவி, காலாவதியானது எந்த மருந்து என்று கேட்டாள். இசக்கியின் பதில், "மருந்து இல்லை, தாத்தா." இங்கே வகுப்பில் முதலில் சிரித்தார்கள். பிறகு எம்மா மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

அந்த ஆங்கிலத்துக்குள் ஓர் ஆள் மூச்சு முட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. தமிழில் எழுது, ஆங்கிலத்தில் நான் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். இரண்டையும் மேலும் கீழுமாகப் பதிவில் வைத்தோம். அதன் பிறகு அவள் எழுதியதைப் பார்க்க வேண்டுமே. பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் பெண்கள் பேசுவது மாதிரி எழுதினாள். மதியச் சாப்பாட்டு வேளையில் கேன்டீனில் ஓரமாக உட்கார்ந்து, வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் படிப்பேன். என்னுடன் தமிழில் பேச இந்த ஊரில் எனக்கு ஆள் குறைவு. என் மகள் ரேச்சலுக்குத் தமிழ் புரியும். பதில் கார்க் ஆங்கிலத்தில்தான் வரும்.

3

அக்டோபரில் இசக்கி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினாள். இந்தக் குறிப்பில் அவளை ஸ்டெல்லா என்று சொல்கிறேன். கடற்கரையைச் சேர்ந்தவள். இரண்டு பெண் குழந்தைகள். ரத்தப்போக்கும் அடிவயிற்று வலியும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். விவரம் கேட்டு எழுதும் வேலை இசக்கிக்கு. கேட்கக் கேட்க ஸ்டெல்லா பதில் சொல்லாமல் கதவையே பார்த்திருக்கிறாள். இசக்கி பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்திருக்கிறாள். அப்போது சொன்னாளாம்: காப்பர் டி வைத்திருக்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது.

புருஷனுக்கும் மாமியாருக்கும் ஓர் ஆண் குழந்தை வேண்டும். இரண்டாவது பிரசவத்தில் ஸ்டெல்லா செத்துப் பிழைத்தவள். இனி முடியாது என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளாகப் போய் வைத்துக்கொண்டாள். அது தெரியாமல் மாமியார் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, மாதம்தோறும் முதல் சனிக்கிழமை வெறுங்காலோடு கோயிலுக்கு நடக்கிறாள். அந்த நடையில் மருமகளும் கூடப் போகிறாள். "கூட நடக்கும்போது நான் என்ன செபம் சொல்லட்டும்?" என்று ஸ்டெல்லா இசக்கியிடம் கேட்டிருக்கிறாள்.

படித்துவிட்டு நான் கேன்டீனில் அழுதேன். எம்மா, இந்த வருடம் படித்ததிலேயே இதுதான் தன்னை உலுக்கியது என்று எழுதினாள். மற்றவர்கள் வரிசையாக இதயம் போட்டார்கள். பெயர் மாற்றியிருந்தது. அதில் வேறு அடையாளம் எதுவும் அப்போது இல்லை. அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இசக்கி முதலில் எழுதியதில் எதுவும் இல்லை.

கேட்டது நான். பதிவின் கீழே என் பெயரோடு என் கேள்வி இருந்தது: "அருமை இசக்கி. இன்னும் விவரம் எழுது. அவள் கணவர் என்ன தொழில்? அந்த வீட்டுச் சூழல் நம் மாணவர்களுக்குப் புரிய வேண்டும்."

மறுநாள் விவரம் வந்தது. கணவர் சங்கு குளிக்கப் போகிறவர். முத்துக் குளிப்பு எப்போதோ நின்றுபோனாலும் சங்குக்காக இன்னும் கடலுக்குள் மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் அவருக்கு ஒரு காது சவ்வு கிழிந்து கேட்காமல் போய்விட்டது. ஸ்டெல்லா பேசும்போது தன்னையறியாமல் எதிரில் இருப்பவரின் ஒரு பக்கமாகவே நகர்ந்து உட்காருகிறாள். வீட்டில் பழகிய பழக்கம்.

எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மறுபடி எழுதினேன்: "அந்தக் காதைப் பற்றி இன்னும் சொல். எந்தக் காது? எத்தனை ஆழம்? சிகிச்சை எடுத்தாரா?" இங்கே இருக்கும் பிள்ளைகள் காது அழுத்தக் காயம் பற்றிப் படிப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவிலும் சங்கு குளித்தவர்கள் உண்டு. அவர்கள் தலையை ஒருக்களித்துக் கேட்கும் விதம் என் கண்ணுக்குள் இருந்தது. அதை யாராவது எழுத்தில் எனக்குத் தர வேண்டும் என்று இருந்தது. இசக்கி தேடிப் போய்க் கேட்டுத் தந்தாள். மாணவி அவள். மார்க் போடுகிறவள் கேட்டால் தராமல் இருப்பாளா?

4

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சமையல் செய்துகொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. என் அண்ணன் மனைவி அனுப்பியிருந்தாள். அண்ணன் குடும்பம் தூத்துக்குடியில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறது. மதினி நாள் தவறாமல் ஏதாவது அனுப்புவாள். காலை வணக்கம், செபம், மீன் விலை. திறந்து பார்த்தால் இசக்கியின் தமிழ். என் வலைப்பதிவின் தமிழ். மேலே "பலமுறை பகிரப்பட்டது" என்று போட்டிருந்தது. கடைசியில் யாரோ கோபமான முகங்களைச் சேர்த்திருந்தார்கள்.

அதன் கீழே மதினி குரலில் பேசி அனுப்பியிருந்தாள். "ஏளா, இதைப் படிச்சியா? ஆளு யாருன்னு தெரியுதா? நம்ம தெருக் கடைசி வீட்டு மருமவ. ஒத்தக் காது சங்குக்காரன் வேற யாரு இருக்கான்? பாவம் அந்தக் கிழவி, மழைன்னும் பாக்காம நடந்துச்சே."

அடுப்பை அணைத்தேன். தெருக் கடைசி வீடு. அந்த மாமியார் குசினி வாசலில் நின்று எனக்குப் பலகாரம் தந்திருக்கிறாள். அவள் மகனுக்குக் காது போன விஷயம் எனக்குத் தெரியாது. நான் ஊரை விட்டு வந்த பிறகு நடந்திருக்க வேண்டும். அப்படித்தான் என் சொந்தத் தெருக்காரனின் காதைப் பற்றி, அது யார் காது என்று தெரியாமலே, கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறேன்.

மதினியைக் கூப்பிட்டேன். இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு கண்டா? யாரோ ஹாஸ்டல் பிள்ளைட்ட இருந்து வந்துச்சாம். இங்கன எல்லார் போன்லயும் இருக்கு. நீ ஏன் ஒரு மாதிரி பேசுத?"

"அது நான் நடத்துற பதிவு மதினி."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "இதை வேற யார்ட்டயும் சொல்லிராத" என்றாள். என் நல்லதுக்காகத்தான் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டேன். அண்ணனிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை.

ரேச்சல் படியிறங்கி வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவளால் தமிழ் படிக்க முடியாது. நான் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, எழுதப் போகிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோட்டுல எழுதிக்கிடட்டுமான்னு இசக்கி கேட்டாளாம். சரின்னு சொன்னாளாம்."

"அப்படியென்றால் தெரியாது" என்றாள் ரேச்சல்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் சிறுவயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களை என் ஃபேஸ்புக்கிலிருந்து எடுக்கச் சொன்னாள். என்னிடம் கேட்டாயா என்றாள். ஊரில் எந்தப் பிள்ளை இப்படிக் கேட்கும் என்று மதினியிடம் சொல்லிச் சிரித்தேன். படங்களை நீக்கவும் இல்லை. சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கும்படி மறைத்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை நீக்கினேன். மாடிக்குப் போய்ச் சொன்னபோது, "ஓ. ஓகே" என்றாள். அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எனக்கு அனுமதி இல்லை. அதில் அவள் என்ன எழுதுகிறாள், என்னைப் பற்றி எழுதுகிறாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் இல்லை.

5

வலைப்பதிவை அன்றே மூடினேன். அதனால் ஒரு பயனும் இல்லை. போனில் இருப்பதை எப்படி மூடுவது?

செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. சங்கு வாங்கி விற்கும் வாடியில் யாரோ ஸ்டெல்லாவின் கணவரிடம் போனை நீட்டியிருக்கிறான். அவர் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அது உண்மையா என்று மட்டும் கேட்டிருக்கிறார். உண்மை என்று அவள் சொன்னாள். அவர் கை ஓங்கவில்லை. அதன் பிறகு அவளிடம் பேசவும் இல்லை. மாமியார்தான் கோயில் வாசலில் எல்லார் முன்னிலும், "மாதாட்ட என்னைப் பொய்யா நடக்க வச்சிட்டியே" என்று கதறியிருக்கிறாள். ஸ்டெல்லா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முத்தையாபுரத்தில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இசக்கியைக் கல்லூரியில் விசாரித்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் வார்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தினார்கள். அவள் அப்பா விளாத்திகுளத்திலிருந்து வந்து பிரின்சிபால் அறைக்கு வெளியே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

இங்கே எனக்கு என்ன நடந்தது தெரியுமா? ஒரு படிவம். தகவல் கசிவு பற்றிய படிவம். அதற்கென்று இருக்கும் அலுவலர், நல்ல மனிதர், பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். பெயர் வெளியானதா? இல்லை. புகைப்படம்? இல்லை. முகவரி? இல்லை. நான் காதைப் பற்றிச் சொன்னேன். காது கேட்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்களே என்றார். எங்கள் தெருவில் ஒருவர்தான் என்றேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். படிவத்தில் தெருவுக்கு இடம் இல்லை. பாதிப்பு குறைவு என்று குறித்து முடித்தார். "ரொம்ப வருத்திக்கொள்ளாதீர்கள்" என்று தேநீர் வாங்கித் தந்தார்.

பிரின்சிபாலுக்கு நான் ஒரு மெயில் எழுதினேன். விவரம் கேட்டது நான், அந்தப் பெண்ணைத் தண்டிக்காதீர்கள் என்று. அனுப்பும் முன் அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டினேன். திரும்பி வந்தபோது, "ஏற்பட்டிருக்கக்கூடிய எந்த அசௌகரியத்துக்கும் வருந்துகிறோம்" என்று இருந்தது. நான் அதை அனுப்பினேன். என் சொந்த முகவரியிலிருந்து சொந்த வார்த்தையில் ஒன்று அனுப்பியிருக்கலாம். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், அதுதான்.

எம்மா ஒருநாள் வந்து, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். "கிராண்ட்" என்றேன்.

6

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். போன மறுநாளே கல்லூரிக்குப் போய்ப் பிரின்சிபாலைப் பார்த்தேன். என்னைவிட மூத்தவர். மெயிலில் சொல்லாததை நேரில் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சில தாள்களை எடுத்துப் போட்டார். வலைப்பதிவில் நான் கேட்ட கேள்விகள்.

"தெரியும் ஜெசிந்தா. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். ஆனா உங்களை நான் என்ன பண்ண முடியும்? எம்பிள்ளையத்தான் நிறுத்தி வைக்க முடியும்."

வெளியே மரத்தடியில் இசக்கி நின்றாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய், "ஐயோ மேம், அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "நீங்க கேட்டுத்தான் எழுதுனேன்னு நான் யார்ட்டயும் சொல்லல மேம். எனக்கும் எழுத ஆசையாத்தான் இருந்துச்சு. வெளிநாட்டுல எல்லாரும் படிக்கிறாகன்னு" என்றாள். ஸ்டெல்லாவைத் தேடித் தனியாக இரண்டு தடவை போயிருக்கிறாள். இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை.

மூன்றாவது தடவை இருவருமாகப் போனோம். முத்தையாபுரம் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உரம், கரி என்று லாரிகள் போகும் சாலை. இறங்கிக் குறுக்குத் தெருவில் நடந்தோம். அக்காள் வீட்டில் கதவு திறந்தே இருந்தது. ஸ்டெல்லா வாசலில் மூத்தவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. மதினி வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்தது தப்பு.

"உக்காருங்க" என்றாள். நாற்காலி போட்டாள். பிள்ளையை உள்ளே அனுப்பினாள். பிறகு என்னிடம் பேசவில்லை, இசக்கியிடம் பேசினாள்.

"நோட்டுலன்னு சொன்னா நோட்டுலதான இருக்கணும்? அந்த நோட்டு எங்க ஊரு முழுக்க எப்படிப் போச்சு?"

இசக்கி அழுதாள். "தப்புத்தான் அக்கா. பேரை மாத்திட்டேன், தெரியாதுன்னு நினைச்சேன்."

"பேரை மாத்துனியாம்ல பேரை. எங்க தெருவுல பேரைச் சொல்லியா ஆளைத் தேடுதாவ? ஒத்தக் காது சங்குக்காரன் பொண்டாட்டின்னுதான் சொல்லுதாவ." என் பக்கம் திரும்பினாள். "அவ வெளியூருப் பிள்ளை. அவளுக்குத் தெரியாது. நீங்க அந்தத் தெருவுல பொறந்தவிய. உங்களுக்குமா தெரியாது?"

மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. எங்கள் தெருவின் வாசம் எனக்கு மறக்கவில்லை, பேச்சு மறக்கவில்லை. அது எவ்வளவு சின்னத் தெரு என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. அங்கே ஒருத்தர் தும்மினால் அடுத்த வீட்டில் யார் என்று தெரியும். பல லட்சம் பேருக்கு நடுவில் யாரும் யாரையும் அறியாத ஊர்களுக்கென்று எழுதிய விதியைக் கொண்டுபோய் அந்தத் தெருவில் வைத்தேன். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். "மறந்துட்டேன் ஸ்டெல்லா."

"மறக்கத்தானே அங்க போறிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

நான் ஏதாவது செய்ய வேண்டுமா, அவள் கணவரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "என்ன பேசுவிய? உங்க காதப் பத்தி நாந்தான் கேட்டேன்னா? அவிய மனசு நொந்தது காப்பர் டிக்கு இல்ல. பொண்டாட்டி உள்ளூர்ல ஒருத்தர்ட்டயும் சொல்லாம யாரோ ஒரு பிள்ளைட்ட சொல்லியிருக்காளேன்னுதான். அதை நான்தான் பேசணும்." எழுந்தாள். "உங்க அம்மையும் எம்மாமியாவும் ஒண்ணா வளந்தவிய. அவளை மட்டும் போய்ப் பாருங்க. நான் ஏமாத்தணும்னு நடக்கலன்னு சொல்லுங்க. எனக்குச் சாமி உண்டு. அவ நடக்கையில அவளுக்காகத்தான் நானும் செபம் சொன்னேன்."

போனேன். என் அம்மாவோடு ஒன்றாக வளர்ந்த அந்தக் கிழவி நான் சொல்வதைக் கேட்டாள். பலகாரம் கொடுக்கவில்லை. "அவ வந்து சொல்லட்டும்" என்றாள். கதவைச் சாத்தவில்லை என்பதை மட்டும் இப்போது நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

7

அதன் பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா திரும்பிப் போகவில்லை. முத்தையாபுரத்திலேயே தனி வீடு பார்த்துக்கொண்டு, நண்டு உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார். முதலில் வாசலோடு போனார். இப்போது உள்ளே வந்து சாப்பிடுகிறாராம். கிழவி இன்னும் வரவில்லை. இசக்கி கடைசி வருடம் படிக்கிறாள். வார்டுக்குப் போகிறாள். மாதம் ஒருமுறை ஸ்டெல்லா வீட்டுக்கும் போகிறாள்; சின்னவளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். எதையும் எழுதுவதில்லை. நன்றாக எழுதும் பெண். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டதும் என் கணக்கில்தான் சேரும்.

போன வாரம் வகுப்பில் பேச்சு நின்ற பிறகு, அந்தப் பக்கத்தை மாணவர்கள் முன்னாலேயே நீக்கினேன். ஏன் என்று கேட்டார்கள். ஒருநாள் சொல்கிறேன் என்றேன். ஆனால் சொல்லலாமா கூடாதா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. மறுநாள் காலையில், அங்கே அவள் வேலை முடிந்து வந்திருக்கும் மதிய நேரம், ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன். இதை எழுத நினைக்கிறேன், நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"எழுதுனா உங்களுக்கு மனசு ஆறும். எனக்கு?"

"உனக்கு ஒண்ணும் ஆறாது."

அவள் பாத்திரம் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. "எழுதுங்க" என்றாள். "இனி எவளா இருந்தாலும் நோட்டைத் தூக்கிக்கிட்டு வரும்போது யோசிக்கட்டும். ஆனா மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டணும். ஊருக்கு அப்புறம்."

அவள் சொன்னபடி மாற்றினேன். ஸ்டெல்லா என்ற பெயர் அவள் தேர்ந்தெடுத்தது. அவள் கணவர் சங்கு குளிக்கிறவர் இல்லை. அவருக்கு இரண்டு காதும் கேட்கும். வேறொரு தொழில், வேறோர் அடையாளம். அதற்குப் பதிலாகச் சங்கையும் காதையும் போடச் சொன்னவள் அவள்தான். வீடு தெருக் கடைசியில் இல்லை. கிழவி நடந்ததை மாற்றட்டுமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றாள்.

நேற்று முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். "மறக்கத்தானே அங்க போறிய" என்று அவள் சொன்ன இடத்தில் மட்டும், "அப்படியா சொன்னேன்?" என்று கேட்டாள். எடுத்துவிடட்டுமா என்றேன். "சொன்னது சொன்னதுதான்."

முடித்தேன். அவள் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னாள். அவள் பிள்ளைகளைப் பற்றியது. இந்தக் குறிப்பிலேயே நன்றாக வந்திருந்த வரி அது. எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

எடுத்துவிட்டு, எந்த இடம் என்று தெரியாதபடி முன்னும் பின்னும் உள்ள வரிகளைச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து அவளுக்குப் படித்தேன்.

"ம். இனி போடுங்க" என்றாள்.